கிராம சபையில் நானும் கை தூக்கினேன். இப்போது உறுத்துகிறது

கொறங்காடு | அக்டோபர் 3, 2023, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கங்க. ஊர்ப் பெயர் வேண்டாம். காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று காந்தி ஜெயந்தி கிராம சபை. எப்போதும் நாற்பது பேர் வந்தாலே பெரிது, நேற்று சாமியானா பத்தவில்லை. எல்லாம் 5வது தீர்மானத்துக்காக வந்த கூட்டம். எங்கள் ஊரில் பதினோரு ராவுத்தர் குடும்பங்கள் உண்டு. பஸ் ஸ்டாப்பை ஒட்டி 32 சென்ட்டில் அவர்களுடைய கபர்ஸ்தான், அதாவது இடுகாடு. ரோட்டை அகலப்படுத்தியதிலிருந்து அந்த இடத்தின் மேல் எல்லோருக்கும் ஒரு கண். அங்கே சமுதாயக் கூடம் கட்டுவது, அவர்களுக்குக் கல்குவாரிப் பக்கம் மூன்று கிலோமீட்டர் தள்ளி வேறு இடம் கேட்டு வாங்குவது என்று தீர்மானம்.

"ஆதரிக்கறவங்க கை தூக்குங்க" என்றதும் முன்வரிசையில் இருந்த என் பெரியப்பா ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். தூக்கிவிட்டேன். எதிர்த்துத் தூக்கியது ஏழோ எட்டோ கை.

அந்த எட்டில் ஒன்று எங்களுக்கு மாடு பிடித்துத் தருகிற ராவுத்தர். எழுபது தாண்டியவர். எங்கள் அப்பாரு காலத்திலிருந்து, துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிற ஆள். கூட்டம் கலையும்போதுதான் பார்த்தார்கள், பாதிப் பேர் பதிவேட்டில் கையெழுத்துப் போடாமலே மிக்சர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது இத்தனை பேர் வேண்டும் என்கிற கோரம், எங்கள் ஊர் அளவுக்கு 100 பேர். எழுத்தர் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, "பாய், உங்க கையெழுத்து விட்டுப்போச்சுங்க, கோரத்துக்குக் குறையுது" என்று அவரிடமே நீட்டினார். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நிதானமாகப் போட்டுக் கொடுத்தார். அவர் சம்சாரத்தை அடக்கம் செய்ததும் அந்த 32 சென்ட்டில்தான்.

ராத்திரி தூக்கம் இல்லை. பெரும்பான்மை சொல்வதுதானே ஜனநாயகம்? அப்புறம் ஏன் உறுத்துகிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

---

மஞ்சமண்டி | அக்டோபர் 3, இரவு 11.15

இதில் உறுத்த என்ன இருக்கிறதுங்க? மண்டப வாடகைக்கே கடன் வாங்கிக் கல்யாணம் செய்கிற குடும்பங்களை நான் தினம் பார்க்கிறேன். கூடம் வந்தால் ஊர் முழுக்கப் பயன். யாரையும் ஊரைவிட்டுத் துரத்தவில்லை, மாற்று இடமும் தருகிறீர்கள். 600 குடும்பம் பெரிதா, 11 குடும்பம் பெரிதா? சிறுபான்மை என்ற சொல்லைக் கேட்டதும் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? முறையாகக் கூட்டம் போட்டு, முறையாக ஓட்டெடுத்திருக்கிறார்கள். முடிந்தது.

---

ஓவர்லாக் | அக்டோபர் 3, இரவு 11.22

அண்ணா, அந்த 600 குடும்பத்துக்கும் சுடுகாடு இருக்குமே, அங்கே கட்டலாமே கூடத்தை?

---

மஞ்சமண்டி | அக்டோபர் 3, இரவு 11.24

விதண்டாவாதம்.

---

கோர்ட்டுவாசல் | அக்டோபர் 4, காலை 7.05

ஈரோட்டில் வக்கீல் தொழில். கட்சிக்காரர் வருவதற்குள் எழுதிவிடுகிறேன்.

தம்பி கொறங்காடு, முதலில் ஒரு வேலை செய்யுங்கள். ஆன்லைனில் உங்கள் கிராமத்து நிலக் கணக்கான அ பதிவேட்டைத் திறந்து அந்த சர்வே எண்ணைப் பாருங்கள். தனிப் பட்டாவா, புறம்போக்கா, குறிப்புக் கலத்தில் என்ன எழுதியிருக்கிறது, வக்ஃப் சொத்தாக அரசிதழில் வந்திருக்கிறதா என்பதெல்லாம் தெரியாமல் நாம் பேசுவது வெறுங்கையில் முழம் போடுகிற கதை.

இப்போது மஞ்சமண்டி சொன்ன "முறையாக ஓட்டெடுத்தார்கள்". எடுத்தார்கள், சரி. ஆனால் எதைக் கேட்டு எடுத்தார்கள்? தெருவிளக்கு எந்த முக்கில் போடுவது, தண்ணீர்த் தொட்டியை எப்போது கழுவுவது என்று கேட்டால் கை எண்ணலாம். இன்னொருவன் தன் வழக்கப்படி தன் ஆளைப் புதைக்கலாமா என்பது ஊர் கையில் இருக்கிற விஷயமே கிடையாது. அரசமைப்பின் 13வது பிரிவு, அடிப்படை உரிமையைப் பறிக்கிற சட்டத்தை அரசு போடக் கூடாது என்கிறது. 'அரசு' என்றால் யார் என்று 12வது பிரிவில் பட்டியல் இருக்கிறது. பாராளுமன்றம், சட்டமன்றம், அப்புறம் உள்ளாட்சி அமைப்புகள். ஆக, டெல்லியில் உட்கார்ந்து செய்ய முடியாததை உங்கள் ஊர் சாமியானாவுக்கு அடியில் செய்ய முடியாது.

இறந்தவருக்கு என்ன உரிமை என்று கேட்பீர்கள். 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்த ஒரு டாக்டரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் ஜனங்கள் கல்லெறிந்தார்கள். கேட்டால் அவர்களும் "ஏரியா முழுக்க எங்கள் பக்கம்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து அதை எடுத்துக்கொண்டு, 21வது பிரிவு தருகிற வாழ்வுரிமையில் கண்ணியமான அடக்கமும் சேர்த்தி என்றது. அதற்கு முந்தின ஆகஸ்ட்டில் வாணியம்பாடிப் பக்கம் நாராயணபுரத்தில், பாதை விடாததால் ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அதையும் உயர் நீதிமன்றம் தானாகவே கையில் எடுத்தது.

எனக்குப் பிடித்த வழக்கு ஒன்று. 1985இல் கேரளத்தில் மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், வாய் திறந்து பாட மாட்டார்கள். அவர்கள் யெகோவா சாட்சிகள், அவர்கள் நம்பிக்கை அப்படி. உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 1986 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதியதன் சாரம் இது: கண்ணுக்கே தெரியாத அளவு சின்னதான ஒரு சிறுபான்மை கூட இந்த அரசமைப்புக்குக் கீழே தன் அடையாளத்தோடு இருக்க முடிகிறதா, அதுதான் நிஜ ஜனநாயகத்துக்கு வைக்கிற பரீட்சை. மூன்று பிள்ளைகளுங்க. ஓட்டு வயதுகூட வராதவர்கள்.

செய்ய வேண்டியது: தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, பிரிவு 202. ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியர் அந்தத் தீர்மானத்தை நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். மனு கொடுங்கள்.

---

மஞ்சமண்டி | அக்டோபர் 4, காலை 9.30

வக்கீல் ஐயா, நீங்கள் சொல்கிற நீதிமன்றமும் கை எண்ணித்தான் தீர்ப்புச் சொல்கிறது. 1973 கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள். அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை யாரும் தொடக் கூடாது என்பதே 7க்கு 6 என்று ஒரே ஓட்டில் வந்ததுதான். அந்தப் பெரும்பான்மை மட்டும் புனிதம், கிராம சபை பெரும்பான்மை பாவமா?

இன்னொன்று. கோயில்களை மட்டும் அறநிலையத் துறை வைத்துக்கொள்கிறதே, அதில் பெரும்பான்மையின் உரிமை எங்கே போனது?

---

நெறியாளர் | அக்டோபர் 4, காலை 9.50

அறநிலையத் துறைக்கு 214 பக்கத்தில் தனி இழை ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே போங்கள். இங்கே 32 சென்ட்டை விட்டு நகரக் கூடாது.

---

கோர்ட்டுவாசல் | அக்டோபர் 4, பகல் 1.40

7க்கு 6 நல்ல அடி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த 13 பேரும் இரண்டு தரப்பையும் 68 நாள் கேட்டார்கள். உங்கள் ஊரில் ராவுத்தரை எத்தனை நிமிடம் பேசவிட்டார்கள் தம்பி?

---

கொறங்காடு | அக்டோபர் 4, பகல் 2.10

பேசவே விடவில்லைங்க. எழுந்தார். "அப்புறம் பேசலாம் பாய், மழை வருது" என்றார்கள். வந்தது உண்மையில் நாலு தூறல்.

---

சிலோன்பேரன் | அக்டோபர் 4, இரவு 8.55

மஞ்சமண்டி அண்ணனுக்கு எங்கள் வீட்டுக் கதை. என் தாத்தா பிறந்தது இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டத்து லயத்தில். 1947 தேர்தலில் ஓட்டுப் போட்டவர். தோட்டத் தமிழர்கள் அப்போது 7 பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948 பிப்ரவரியில் சுதந்திரம். அதே வருடம் குடியுரிமைச் சட்டம் வந்தது. நீ அங்கே பிறந்தது போதாது, உன் அப்பா அங்கே பிறந்ததற்குக் காகிதம் காட்டு என்றார்கள். தோட்டக் கூலிக்கு ஏது காகிதம்? மறு வருடம் வாக்காளர் பட்டியலிலிருந்தும் பெயர் போனது. 1952 தேர்தலில் அந்த ஏழு இடத்தில் ஒன்றுகூட இல்லை.

எல்லாம் நாடாளுமன்றத்தில் முறையாக வைத்து, முறையாகக் கை தூக்கி நிறைவேற்றியதுதான். கோரமும் இருந்திருக்கும்.

வக்கீல் ஐயாவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த நாட்டு அரசமைப்பிலும் 29வது பிரிவு என்று ஒன்று இருந்தது. எந்தச் சமூகத்துக்கும் பாதகமான சட்டம் போடக் கூடாது என்றுதான் அதுவும் சொன்னது. மேல்முறையீட்டுக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள். 1953இல் தோற்றார்கள். 1972 அரசமைப்பில் அந்தப் பிரிவே காணாமல் போனது. ஏட்டில் இருப்பது மட்டும் யாரையும் காப்பாற்றாது.

1964 சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு 5 லட்சத்து 25 ஆயிரம் பேர், இலங்கைக்கு 3 லட்சம் பேர், மீதி ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று மாடு பங்கு போடுகிற மாதிரி பேசி முடித்தார்கள். ராவுத்தராவது துண்டுக்குள் விரலைப் பிடித்து இரண்டு பக்கமும் சம்மதம் வாங்குவார். எங்கள் தாத்தாவை யாரும் கேட்கவில்லை. கப்பல், மண்டபம் முகாம், அப்புறம் கோத்தகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டம். அங்கே 'இந்தியாக்காரன்', இங்கே இன்றுவரை 'சிலோன்காரன்'. அவர் பேமிலி கார்டு இன்னும் எங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

நான் இப்போது மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். 600 பெரிதா 11 பெரிதா என்று படித்ததும் கை நடுங்கியது, அதனால்தான் இவ்வளவு நீளம்.

---

டயர்வெடி | அக்டோபர் 4, இரவு 9.40

சங்ககிரிக்காரன், லாரி ஓட்டுகிறேன். பெரிய விஷயம் தெரியாது. 2016 செப்டம்பர் 12, காவேரித் தண்ணீர்த் தகராறு. பெங்களூரில் தமிழ்நாட்டு பஸ்ஸெல்லாம் வரிசையாக எரிந்த அன்று நான் சிமெண்ட் இறக்கிவிட்டு நைஸ் ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். ஓரமாக நிறுத்தி, டி.என். 34 நெம்பர் பிளேட்டில் மண்ணைக் குழைத்துப் பூசினேன். கண்ணாடியில் எழுதியிருந்த முருகன் துணையை பிளேடால் சுரண்டினேன். அந்த முருகன் தமிழில் இருந்தார், அதுதான் குற்றம். ஒரு கன்னடக்கார டீக்கடைக்காரர்தான் கடைக்குப் பின்னால் வண்டியை விடச் சொன்னார். இரண்டு ராத்திரி.

அன்றைக்கு அந்த ஊரில் ஓட்டெடுத்திருந்தால் என் வண்டிக்கு எத்தனை கை தூக்கியிருக்கும் என்று அப்பப்போது நினைப்பேன்.

---

ஓவர்லாக் | அக்டோபர் 4, இரவு 10.05

எங்கள் திருப்பூரில் இப்போது நாம்தான் பெங்களூர்க்காரன். இந்த மார்ச்சில் வடநாட்டு ஆட்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ சுற்றியதே, அப்போது எங்கள் லைனில் பாதி மெஷின் காலி. பீகாரிலிருந்து அதிகாரிகள் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். வீடியோ பொய்தான். ஆனால் எங்கள் வீதியில் 'இந்திக்காரர்களுக்கு வீடு இல்லை' என்று தொங்குகிற அட்டை பொய் இல்லை. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேரை வைத்துத் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவதும் பொய் இல்லை. அவர்களுக்கு இங்கே ஓட்டே கிடையாது, எந்தக் கவுன்சிலர் கேட்பார்?

---

தறிக்காரி | அக்டோபர் 5, காலை 6.20

நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து எல்லாவற்றையும் படித்தேன். சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுகிறேன். காலனிதான்.

சிலோன், பெங்களூர், பீகார் எல்லாம் சரிங்க. ஒருத்தராவது உள்ளூர் அருந்ததியர் பற்றி வாய் திறந்தீர்களா? சிறுபான்மை என்றால் உங்களுக்கு மதம் மட்டும்தான் ஞாபகம் வருகிறது. எங்கள் ஊரில் நாங்கள் 70 வீடு. எண்ணிக்கை கம்மியே இல்லை. ஆனாலும் கிராம சபையில் கடைசிப் பாயில்தான். எழுந்தால் "உட்காரு புள்ள" என்பார்கள். அப்போது எண்ணிக்கையை வைத்து என்ன செய்வது?

2018இல் அவிநாசிப் பக்கம் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த அம்மாவை, அவர் சாதி தெரிந்ததும் சமைக்க விடாமல் ஊர் கூடி நின்றது. ஊர் கூடி, ஞாபகம் வையுங்கள். அதுவும் பெரும்பான்மைதான். 2019 டிசம்பர் 2, மேட்டுப்பாளையம் நடூரில் மழைக்கு மதில் இடிந்து 17 பேர் செத்தார்கள். அந்தச் சுவரைத் தீண்டாமைச் சுவர் என்றுதான் அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நின்றால் அது காம்பவுண்டு, இந்தப் பக்கம் படுத்திருந்தவர்களுக்கு வேறு.

கொறங்காடு அண்ணா, இரண்டு கேள்வி. உங்கள் ஊர்க் காலனிக்காரர்கள் கை தூக்கினார்களா? அந்தச் சமுதாயக் கூடம் அவர்கள் வீட்டுச் சீருக்கும் கிடைக்குமா?

---

கொறங்காடு | அக்டோபர் 5, பகல் 12.30

தூக்கினார்கள் அம்மணி. "கூடம் வந்தா உங்களுக்கும்தானே" என்று முந்தின நாள் வீடு வீடாகச் சொல்லியிருந்தார்கள்.

---

தறிக்காரி | அக்டோபர் 5, பகல் 12.41

கிடைக்காது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் எங்கள் சுடுகாட்டுப் பாதைக்குத் தகராறு வந்தபோது பாய் வீட்டுக்காரர்கள் யாரும் எங்கள் பக்கம் வந்து நிற்கவில்லை. இருந்தாலும் உங்கள் ராவுத்தர் இடத்தைப் பிடுங்குவது தப்பு தப்புதான்.

---

கோர்ட்டுவாசல் | அக்டோபர் 5, மாலை 6.15

தறிக்காரி சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. 1948 நவம்பர் 4, அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் சொன்னதுதான் ஞாபகம் வருகிறது: இந்திய மண்ணுக்கு ஜனநாயகம் மேலே தூவின உரம் மாதிரிதான், மண் அடியில் ஜனநாயகமே இல்லாத மண். நம் பக்கத்தில் மேலுரம் என்றால் எல்லோருக்கும் புரியும். ஒரு மழைக்கு ஓடிவிடும்.

வைக்கம் நூற்றாண்டு என்று இந்த வருடம் மேடை போட்டுப் பேசுகிறோம். 1924இல் ஈரோட்டுக்காரர் ஒருவர் கேரளத்துக்குப் போய் ஜெயிலுக்குப் போனது கோயிலுக்குள் நுழையக்கூட இல்லை, கோயிலைச் சுற்றின ரோட்டில் நடக்க விடு என்பதற்கு. ஊர் விட்டு ஊர் போய். உள்ளூரில் எழுந்து நிற்பது அதைவிடக் கஷ்டம் என்று எனக்குச் சில நாள் தோன்றும்.

---

கொறங்காடு | அக்டோபர் 8, இரவு 9.00

மூன்று நாளாக எழுதவில்லை. வீட்டில் சண்டை.

அ பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். 0.13.0 ஹெக்டேர், புறம்போக்கு, குறிப்புக் கலத்தில் 'முஸ்லிம் இடுகாடு' என்றே இருக்கிறது. அதை பிரிண்ட் எடுத்துப் பெரியப்பாவிடம் காட்டினேன்.

என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2013இல் கெயில் குழாய் வந்தபோது எங்கள் பக்கத்து விவசாயிகளோடு சாலையில் படுத்தவர். கொச்சியிலிருந்து பெங்களூருக்கு எரிவாயு, வழியில் 7 மாவட்டத்து வயல். "நாட்டுக்கே நல்லது, சில ஆயிரம் விவசாயிதானே, நஷ்ட ஈடு வாங்கிட்டு ஒதுங்குங்க" என்றார்கள். 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் மாநில அரசின் மனு தள்ளுபடி ஆன அன்று இவர் சாப்பிடவில்லை. "கொஞ்சப் பேருன்னா ஏறி மிதிப்பாங்களாடா" என்று திண்ணையில் உட்கார்ந்து சொன்னது எனக்கு அப்படியே காதில் இருக்கிறது.

அதைத்தான் ஞாபகப்படுத்தினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அது காடுடா, சோறு போடற பூமி. இது பொணம் பொதைக்கற எடம்" என்றார். நான், "நம்ம அப்பாருவ எரிச்ச எடத்துல பஸ் ஸ்டாண்ட் கட்டட்டுமாங்க பெரியப்பா?" என்று கேட்டுவிட்டேன். எழுந்து உள்ளே போனார். இன்றுவரை பேச்சு இல்லை.

---

மஞ்சமண்டி | அக்டோபர் 8, இரவு 9.48

எங்கள் காட்டிலும் அந்தக் குழாய்க்குக் கல் நட்டார்கள். நான் மறியலுக்கும் போனேன்.

கெயிலும் இதுவும் ஒன்று என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கூடமும் வேண்டும்தான், வேறு புறம்போக்கு இல்லாமலா போய்விட்டது, தேடச் சொல்லுங்கள். ஆனால் அந்தக் கோரக் கையெழுத்து இருக்கிறதே, அதை அவரிடமே வாங்கியது தப்புங்க. எங்கள் மண்டியில் ஏலத்தில் தோற்றவனிடம் போய்ச் சாட்சிக் கையெழுத்துக் கேட்டால் அடிதான் விழும்.

---

கொறங்காடு | அக்டோபர் 16, இரவு 8.30

இன்று திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போய் மனு கொடுத்தேன். 202ஐக் காட்டி எழுதியது, அ பதிவேட்டு நகலோடு. கை தூக்கினவர்களில் என்னோடு சேர்த்து ஆறு பேர் 'நாங்கள் எங்கள் கையை இறக்கிக்கொள்கிறோம்' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அதில் இரண்டு பேர் காலனி, தறிக்காரி அம்மணிக்காகச் சொல்கிறேன்.

ராவுத்தரிடம் முந்தின நாள் போய்ச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, "உங்க பெரியப்பாருக்குத் தெரியுங்களா?" என்றார். தெரியும் என்றேன். "அவரோட சண்டை வேண்டாங்க தம்பி. நான் இந்த ஊர்லதான் இருக்கோணும்" என்றார். மனுவில் அவர் கையெழுத்துப் போடவில்லை. நானும் கேட்கவில்லை, ஒரு தடவை கேட்டது போதும் என்று விட்டுவிட்டேன்.

---

கோர்ட்டுவாசல் | அக்டோபர் 16, இரவு 8.42

நல்லது. மனு எண் போட்ட ரசீது வாங்கினீர்களா?

---

கொறங்காடு | அக்டோபர் 16, இரவு 8.44

ஐயோ. கூட்டத்தில் மறந்துவிட்டேனுங்க.

---

கோர்ட்டுவாசல் | அக்டோபர் 16, இரவு 8.45

அடுத்த திங்கள் மறுபடி போங்க. இந்தத் தடவை இரண்டு நகல்.